சொங்கெட் நெசவாளிக்குக் கைகொடுக்க: முதல் சந்திப்பிலிருந்து முதல் துணி வரை

தறியில் ஜரிகைப் பூ கோர்த்து நெய்யும் மலாய்த் துணிதான் சொங்கெட். 2021இல் அது யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தபோது கிள்ளானில் நாங்கள் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து பேசினோம். நம் பிள்ளைகள் தேசிய தினத்துக்கும் கல்யாணத்துக்கும் பாஜு மெலாயு என்ற மலாய் உடை போட்டு, அதன்மேல் இடுப்பைச் சுற்றிச் சம்பின் என்ற துணியைக் கட்டுகிறார்கள். அந்தத் துணியை நெய்கிறவர்களுக்கு ஏதாவது செய்யலாமே என்றுதான் தொடங்கினோம். மனசு இருந்தது, காசும் கொஞ்சம் இருந்தது. ஆனால் முதல் ஒன்றரை ஆண்டில் நாங்கள் செலவழித்ததில் பாதிக்கு மேல் எந்த நெசவாளியின் கைக்கும் போய்ச் சேரவில்லை.

அதே வழியில் நீங்களும் போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மலேசியாவில், குறிப்பாகக் கிழக்குக் கரை மாநிலங்களான திரெங்கானு, கிளந்தான் பக்கம், சொங்கெட் நெசவாளிகளுக்கு உதவ நினைக்கும் சிறு குழுக்களுக்கு இது பயன்படும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதலில் தறி வாங்கிக் கொடுக்காதீர்கள். நெசவாளியின் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். கீழே வரும் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

1. தனிக் குழு தேவையா என்று முதலில் பாருங்கள்

மாதம் ஒரு முறை கணக்குப் பார்க்கவும், ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை கிழக்குக் கரைக்குப் போய்வரவும் ஆள் இல்லையென்றால், ஏற்கெனவே இயங்கும் அமைப்புகள் வழியாகக் கொடுப்பதே நல்லது. திரெங்கானு சுல்தானா உருவாக்கிய யாயாசான் துவாங்கு நூர் ஜாஹிரா சொங்கெட்டுக்காகவே உழைத்த அமைப்பு. சரவாக்கின் குச்சிங்கில் அது நடத்திய பயிற்சியிலிருந்து வளர்ந்ததுதான் தானொத்தி என்ற நெசவுக் கூடம். பகாங்கில் தெனுன் பகாங் என்ற பட்டுத் துணிக்கு அரச குடும்பத்தின் ஆதரவு உண்டு. பெக்கான் பக்கத்தில் புலாவ் கெலாடியில் அதை நெய்கிறார்கள். பெனோர் சிறையில் கைதிகளும் அதைக் கற்று நெய்கிறார்கள்.

இவர்களிடம் துணி வாங்குவதே ஓர் உதவிதான். ஒரு குறிப்பிட்ட நெசவாளியோடும் ஒரு கம்போங்கோடும், அதாவது மலாய்க் கிராமத்தோடும், நேரடியாக நிற்க வேண்டும் என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

2. பணம் யாரிடம் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கம்போங்கில் நெய்யும் பெண்கள் பலர் தங்கள் துணியைத் தாங்களே விற்பதில்லை. கடை வைத்திருப்பவரோ இடையில் இருப்பவரோ நூலும் ஜரிகையும் கொண்டுவந்து கொடுப்பார். நெய்து முடித்ததும் துணியை எடுத்துக்கொண்டு உப்பா, அதாவது துணிக்கு இவ்வளவு என்று கூலி, கொடுத்துவிட்டுப் போவார். இதில் தப்பு எதுவும் இல்லை. நூல் வாங்க முதல் இல்லாத பெண்ணுக்கு அதுதான் பிழைப்பு. ஆனால் கடையில் நீங்கள் கொடுக்கும் விலை வேறு, அவர் கையில் விழும் கூலி வேறு.

எங்களோடு இப்போது வேலை செய்யும் மூத்த நெசவாளியின் கணக்கைச் சொல்கிறேன், அவரை மக்சிக் (பெரியம்மா மாதிரி) என்றுதான் கூப்பிடுவோம். தாபுர் எனப்படும், பூக்களை இடைவெளி விட்டுத் தூவிய வடிவில் ஒரு சம்பின் நெய்ய அவருக்கு ஆறு வாரம். கூலி 700 ரிங்கிட். வாரத்துக்கு 117 ரிங்கிட்கூடத் தேறவில்லை. நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட். அந்தக் கணக்கில் ஆறு வாரத்துக்கு ஏறக்குறைய 2,350 வர வேண்டும். வீட்டில் உட்கார்ந்து துணிக் கூலிக்கு நெய்கிறவருக்கு அந்தச் சட்டம் கைகொடுப்பதில்லை. அவர் மகள் ஏன் தறிப் பக்கமே வரவில்லை, பேரங்காடியில் வேலைக்குப் போனாள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

தவிர்க்க வேண்டியது: இடையில் இருப்பவரிடம் மொத்தப் பணத்தையும் முன்பணமாகக் கொடுப்பது. நாங்கள் ஒருவரிடம் 2,000 ரிங்கிட் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து நெசவாளி வீட்டுக்கே போனபோது, அப்படி ஓர் ஆர்டர் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

3. நெசவாளியைத் தேடிப் போவது

பெர்பாடானான் கெமாஜுவான் கிராஃப்தாங்கான் மலேசியா, சுருக்கமாகக் கிராஃப்தாங்கான், அரசின் கைவினைக் கழகம். அவர்களிடம் பதிவு செய்த கைவினைத் தொழில்முனைவோர் இருக்கிறார்கள். திரெங்கானுவில் செண்டெரிங்கில் அவர்களுக்கு இடம் உண்டு. கோலாலம்பூரில் ஜாலான் கோன்லே கிராஃப்ட் கொம்ப்ளெக்ஸில் கேட்டாலும் வழி காட்டுவார்கள். தேசியக் கைவினை நாள் விழா நடக்கும் நாட்களில் அங்கே போனால் பல மாநில நெசவாளர்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். கிளந்தானில் கோத்தா பாரு அருகே பெனாம்பாங் பக்கம் போங்கள். கோலத் திரெங்கானுவில் பாசார் பாயாங் சந்தையில் துணியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், எந்தக் கம்போங்கில் நெய்தது என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர்கள் மறைக்க மாட்டார்கள்.

பயண நாள் முக்கியம். திரெங்கானுவிலும் கிளந்தானிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். நாங்கள் வேலை முடிந்து வியாழன் இரவு பஸ் ஏறி, ஏழு மணி நேரம் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை காலை போய் இறங்கினோம். அலுவலகம், வங்கி எல்லாம் மூடியிருந்தது. ஞாயிறும் திங்களும்தான் சரியான நாட்கள்.

முதல் தடவை வெறும் பேச்சுக்காகப் போங்கள். பணப் பேச்சும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். கம்போங் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கையில் பழம் கொண்டுபோவது நல்லது. வீட்டில் சமைத்த பலகாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், ஹலால் பற்றிக் கேட்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் அவர்கள் சங்கடப்படுவார்கள். வயதில் பெரியவரை மக்சிக் என்றும் அக்கா வயதென்றால் காக் என்றும் கூப்பிடுங்கள். தறியில் இருக்கும் துணியைக் கேட்காமல் தொடாதீர்கள். வியர்வைக் கை பட்டால் ஜரிகை மங்கும் என்று எங்கள் மக்சிக் சொல்வார்.

நாங்கள் தமிழர்கள் என்று தெரிந்ததும் அவர் கணவர் தன் கைலியைக் காட்டி, "இது உங்கள் ஊர்த் துணிதானே" என்றார். மலாயில் அந்தக் கைலிக்குள்ள காய்ன் பெலெக்காட் என்ற பெயரே நம் பழவேற்காட்டுத் துறைமுகத்திலிருந்து வந்ததுதான். அன்றைக்குப் பேச்சு அதிலிருந்துதான் தொடங்கியது.

4. கைநெசவா என்று பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள்

துணியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சொங்கெட் என்றால் பாவு நூல்களை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களை, எண்ணித் தூக்கி, நடுவே ஜரிகையைக் கூடுதல் ஊடையாக, அதாவது குறுக்கு நூலாக, கோர்ப்பது. கைநெசவில் பின்னால் அந்த ஜரிகை பூவுக்குப் பூ ஓடுவது தெரியும், இழுப்பில் சின்னச் சின்ன ஏற்ற இறக்கமும் இருக்கும். அச்சடித்ததில் பின்னால் ஒன்றும் இருக்காது. இயந்திரத்தில் நெய்தது ஓரம் முதல் ஓரம் வரை ஒரு பிசகும் இல்லாமல் இருக்கும். சந்தேகமாக இருந்தால் விலையைக் கூலியோடு வைத்துப் பாருங்கள். ஆறு வார வேலை 150 ரிங்கிட்டுக்கு வர முடியாது.

இயந்திரத் துணி விற்பது குற்றமில்லை. அதைக் கைநெசவு என்று சொல்லி உங்கள் குழுவின் பெயரில் விற்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். கோலாலம்பூரில் தேசிய ஜவுளி அருங்காட்சியகத்துக்கு ஒரு தடவை போய், நல்ல பழைய துணிகளை நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள். கண் பழகிவிடும்.

5. மாதக் கணக்கு போடுங்கள்

இந்த இடத்தில்தான் எங்கள் பணம் வீணானது. நாங்கள் முதலில் செய்தது 1,200 ரிங்கிட்டுக்கு ஒரு பழைய கெக், அதாவது மலாய்க் கைத்தறி, வாங்கி ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது. படம் எடுத்து மாலையெல்லாம் போட்டோம். எட்டு மாதம் கழித்துப் போனால் வீட்டுக்கு அடியில் மழைச் சாரலில் கிடந்தது, ஒரு காலில் கரையான். அந்தப் பெண்மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. அவளுக்கு நெய்யக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை, கற்கும் மாதங்களில் வீட்டுச் செலவுக்கு வழியும் இல்லை.

சொங்கெட் கற்பது மெதுவாகத்தான் நடக்கும். நூல் சுற்றுவது, பாவு ஓட்டுவது, அச்சு என்ற சீப்பில் நூலைக் கோர்ப்பது, பாவைத் தூக்கும் நூல் கண்ணிகளான விழுது கட்டுவது என்று நெய்ய உட்காரும் முன்பே பல வேலைகள். வெறும் துணி நெய்ய சில மாதத்தில் கை வந்துவிடும். ஆனால் பூவுக்கான இழைகளை எண்ணிப் பிரித்துக் கட்டும் வேலை இருக்கிறதே, மலாயில் இக்காட் புத்தாங் என்பார்கள், அதற்கு ஆண்டுகள் ஆகும். பல கம்போங்குகளில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், எல்லோரும் வயதானவர்கள். உங்கள் உதவி எங்கே போக வேண்டும் என்று கேட்டால் நான் இந்த ஒரு வேலையைத்தான் காட்டுவேன்.

இப்போது எங்கள் பதினைந்து குடும்பமும் மாதம் 100 ரிங்கிட் போடுகிறோம், மொத்தம் 1,500. அதில் கற்கும் பெண்ணுக்கு 900. கற்றுக்கொடுக்கும் மக்சிக்குக்கு 400. நூல், ஜரிகை, தறிப் பழுதுக்கு 200. பயணச் செலவு அவரவர் பையிலிருந்து. பத்து மாதத்துக்கு 15,000 ரிங்கிட் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டோம். நான்காவது மாதத்தில் ஆர்வம் குறையும் என்று தெரிந்தே அந்த உறுதியை எழுதி வாங்கினோம்.

அந்த 400 ரிங்கிட்டைக் குறைக்காதீர்கள். கற்றுக்கொடுக்கும் நேரத்தில் அவர் தறி நின்றுவிடுகிறது, அவருடைய கூலியும் குறைகிறது. பல பயிற்சிகள் மாணவிக்கு உதவித்தொகை கொடுத்துவிட்டுக் குருவை மறந்துவிடுகின்றன. அப்புறம் குரு சொல்லிக்கொடுப்பதில் சுணங்கினால் அவர்மேல் வருத்தப்பட நமக்கு உரிமை இல்லை.

ஆர்டர் துணிக்குக் கூலியை நாங்கள் வாரக் கணக்கில் வைத்தோம். வாரம் 350 வீதம் ஆறு வாரத்துக்கு 2,100, நூலுக்கும் ஜரிகைக்கும் 250. அடக்கம் 2,350. உறுப்பினர்கள் 2,400க்கு வாங்குகிறார்கள். பட்டு நூல் என்றாலோ, பூ இடைவெளியே இல்லாமல் நிறைந்த பெனோ வடிவம் என்றாலோ நாளும் விலையும் பல மடங்கு போகும். முதல் ஆண்டில் அதைத் தொடாதீர்கள்.

செலவைக் குறைக்க ஒரு நல்ல வழி உண்டு. பாவு ஓட்டி விழுது கட்டவே நாட்கள் போய்விடும். ஒரே அடி நிறத்தில் மூன்று நான்கு சம்பின் சேர்த்து ஆர்டர் கொடுத்தால் ஒரே பாவில் எல்லாவற்றையும் நெய்துவிடலாம். ஆளுக்கொரு நிறம் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் நான்கு குடும்பங்கள் கரும்பச்சைக்கு ஒத்துக்கொண்டதால் மக்சிக்குக்கு ஏறக்குறைய மூன்று வார வேலை மிச்சமானது. கூலியில் நாங்கள் குறைக்கவில்லை.

6. தாள்களைத் தயார் செய்யுங்கள்

நெசவாளியோடு மலாயில் இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். அவர் வாசித்து, வீட்டாரிடம் காட்ட இரண்டு நாளாவது கொடுங்கள். அதில் துணியின் நீளம் அகலம், அடி நிறம், பூ, நூல் வகை, கூலி, தவணை, தாமதமானால் என்ன செய்வது, துணி பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்பவை இருக்க வேண்டும். எங்கள் தவணை இப்படி: பாவும் விழுதும் தயாரானதும் 30 விழுக்காடு, பாதித் துணியில் 40, முடிந்ததும் 30. நூலுக்கான பணம் இதில் சேராது, ரசீதைப் பார்த்து முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அளவு நாடாவைத் துணியில் வைத்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கு அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். மகன் கணக்கு, மருமகன் கணக்கு என்றால் மெதுவாக எடுத்துச் சொல்லிப் புதிதாகத் திறக்க வையுங்கள். அடையாள அட்டை நகலில் "சொங்கெட் உதவிக்கு மட்டும்" என்று குறுக்கே கோடு போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள், அது அவருக்குப் பாதுகாப்பு. சமூக நலத் துறையிலோ வேறு எங்கோ உதவி பெறுகிறவர் என்றால், உங்கள் தொகை வருமானமாகக் கணக்கில் வந்து அதைப் பாதிக்குமா என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

அவர் தானே விற்கத் தொடங்கினால் எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையத்தில் வணிகப் பதிவு வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. இதை நீங்களே கட்டுங்கள். அதோடு சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் சுயதொழில் திட்டத்திலும் சேர்த்துவிடுங்கள். சேமநிதி வாரியத்தின் ஐ-சாராஅன் திட்டத்தில் சிறு தொகை போட்டால் அரசும் கொஞ்சம் சேர்க்கும். முதுகு வலியோடு முப்பது ஆண்டு நெய்தவரிடம் ஓய்வுக்கு ஒரு காசு சேமிப்பு இல்லை என்று கேட்ட நாளில்தான் எங்களுக்கு இது உறைத்தது.

பூ வடிவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. புச்சோக் ரெபுங் எனப்படும் மூங்கில் குருத்து, தம்போக் மங்கிஸ் எனப்படும் மங்குஸ்தான் காம்பு போன்றவை தலைமுறை தலைமுறையாக எல்லோருக்கும் சொந்தமானவை. அவற்றை உங்கள் குழுவின் வடிவம் என்று பதிவு செய்ய நினைக்காதீர்கள். நெசவாளி தானாகக் கற்பனை செய்த பூவென்றால் அது அவருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

7. குழுவைப் பதிவு செய்வது

நண்பர்களுக்குள் மட்டும் பணம் போடும் வரை பெரிய சிக்கல் இல்லை. ஆனால் பொருளாளரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். ஓர் ஆண்டு கழித்து எது யாருடைய பணம் என்று அவருக்கே தெரியாமல் போகும், நட்பும் கெடும்.

வெளியாட்களிடம் வாங்குவதென்றால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யுங்கள். குறைந்தது 7 பேர் வேண்டும். சங்க விதிகள், முதல் கூட்டக் குறிப்பு, பொறுப்பாளர் விவரம், முகவரிச் சான்று எல்லாவற்றையும் சங்கப் பதிவகத்தின் இரோசஸ் இணையத் தளத்தில் ஏற்ற வேண்டும். எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. விதிகளை வேறொரு சங்கத்திடமிருந்து அப்படியே நகலெடுத்ததால் நோக்கமும் பெயரும் பொருந்தாமல் நாங்களே திருத்தித் திருத்தி அனுப்ப வேண்டியிருந்தது. பதிவுக்குப் பிறகு ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும். பெயரில் யாயாசான் என்று போட ஆசைப்படாதீர்கள், அறக்கட்டளைக்கு வேறு சட்டம், வேறு பாதை.

இரண்டு இடத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முதலாவது உண்டியல். தெருவிலோ வீடு வீடாகவோ வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். ஒரு கண்காட்சியில் நாங்கள் தெரியாமல் பெட்டி வைத்து, பாதியில் எடுக்க நேர்ந்தது. இரண்டாவது வரி விலக்கு. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கொடுப்பவருக்குக் கழிவு கிடைக்கும், அதுவும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான். சங்கம் பதிவாகிவிட்டது என்பதால் அந்த ரசீது கொடுக்கும் உரிமை வந்துவிடாது. யாராவது பெரிய தொகைக்கு வரி ரசீது கேட்டால், வருமான வரி வாரியத்தின் பட்டியலில் உள்ள ஓர் அமைப்புக்கு அவரை அனுப்பிவையுங்கள்.

8. நாட்காட்டி

நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையில் பருவமழை. வெள்ளம் வந்தால் தறியை மேலே தூக்கிக் கட்டுவார்கள், ஈரக்காற்றில் நூலும் முரண்டு பிடிக்கும். நோன்பு மாதத்தில் நெய்யும் நேரம் குறையும். ஆனால் ஹரி ராயா எனும் நோன்புப் பெருநாளுக்குச் சம்பின் கேட்டு எல்லோரும் வருவது அதற்கு முந்தைய மாதங்களில்தான், அப்போது உங்கள் ஆர்டர் வரிசையில் நிற்கும். ஆகவே ராயா முடிந்த மூன்றாவது வாரத்தில் தொடங்கி, மழைக்கு முன் முடிக்கிற மாதிரி திட்டமிடுங்கள். கல்யாணத்துக்கு என்றால் சொன்ன நாளோடு இரண்டு மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களில் ஒருவர் மகன் கல்யாணத்துக்குக் கேட்ட துணி வெள்ளத்தால் தள்ளிப்போய், மாப்பிள்ளை இரவல் சம்பினோடு வரவேற்பில் நின்றார். மக்சிக் அழுதுவிட்டார். அவரை அவ்வளவு நெருக்கியது எங்கள் தேதிதான்.

9. துணி வந்ததும்

பகலில், வெயில் நேராகப் படாத இடத்தில் விரித்துப் பாருங்கள். நீளம் இரண்டு மீட்டரை ஒட்டி இருக்கும். ஒப்பந்த அளவோடு ஒப்பிட்டு, கடைசித் தவணையை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். ஓர் இழை தப்பியிருந்தால் படம் எடுத்து அவரிடம் கேளுங்கள், பெரும்பாலும் ஊசியாலேயே சரிசெய்ய வழி சொல்லித் தருவார். துணியோடு ஒரு சின்ன அட்டை வையுங்கள்: நெய்தவர் பெயர், அவர் சம்மதித்தால் மட்டும், கம்போங், எத்தனை வாரம், கூலி எவ்வளவு. கூலியை எழுதுவது சிலருக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அந்த அட்டையைப் பார்த்துத்தான் எங்களுக்கு அடுத்த ஆறு ஆர்டர் வந்தன.

சொங்கெட்டைத் தண்ணீரில் நனைக்காதீர்கள், ஜரிகைமேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள், வாசனைத் திரவியம் படவிடாதீர்கள். கட்டி முடித்ததும் நிழலில் காற்றாட விட்டு, வெள்ளைப் பருத்தித் துணியை உள்ளே வைத்து, ஓர் அட்டைக் குழலில் சுருட்டுங்கள். மடித்து வைத்தால் அதே மடிப்பில் ஜரிகை முறியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிரித்து எதிர்ப்பக்கமாகச் சுருட்டி வையுங்கள்.